அரைத்தூக்கத்துக்கு எதிர்ச்சொல்

ஜனவரி 8

தம்பிக்கு,

நான் நலம். முதுகு மட்டும் நலமில்லை. அதை நான் என்னோடு சேர்த்து எண்ணுவதில்லை. நீயும் உன் மனைவியும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன்.

பதினொரு வருடம் கழித்து என் கையெழுத்தைப் பார்த்துத் திடுக்கிட்டிருப்பாய். பயப்படாதே, யாருக்கும் எதுவும் ஆகவில்லை. உன்னோடு இனிப் பேசமாட்டேன் என்று அன்றைக்கு நூலக வாசலில் வைத்துச் சொன்னேன். அதில் மாற்றமில்லை. பேசமாட்டேன் என்றுதான் சொன்னேன். எழுதமாட்டேன் என்று சொல்லவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். கல்லூரியை விட்டபின் ஒரு மொழிபெயர்ப்பு நிலையத்தில் இருக்கிறேன். நகல் எடுக்கும் கடைக்கு மேலே, இரண்டாவது மாடி. மூன்று மேசைகள், அவற்றில் ஒன்றுக்கு மூன்றே கால். அது என்னுடையது. நாலு வருடமாகத் துவைக்கும் இயந்திரத்தின் கையேடு, மருந்துச் சீட்டு, மின்விசிறி உத்தரவாத அட்டை என்று ஓடிக்கொண்டிருந்தது. போன வாரம் போக்குவரத்து அலுவலகத்திலிருந்து ஓர் ஆங்கிலப் படிவம் வந்தது. பேருந்து ஓட்டுகிறவர்களுக்குப் பகலில் எந்த அளவுக்குத் தூக்கம் தள்ளுகிறது என்று கண்டுபிடிக்க ஒன்பது கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து மூன்று வரை மதிப்பெண். ஒன்பதிலும் வினைச்சொல் ஒன்றே: 'டோஸ்'.

நிலையத்து முதலாளி எட்டிப் பார்த்தார். "என்ன சார் இதுல? 'தூக்கம் வருமா'ன்னு ஒன்பது தடவை போட்டா முடிஞ்சுது. மத்தியானமே குடுத்துடலாமே!"

எனக்கு உச்சந்தலை வரை சூடேறியது. தூக்கம் வருவது வேறு. தூங்குவது வேறு. இரண்டுக்கும் நடுவே ஒரு சந்து இருக்கிறது. அந்தச் சந்தில்தான் 'டோஸ்' குடியிருக்கிறது. பக்கத்து வீடுகளில் 'நாப்', 'ஸ்னூஸ்', 'ட்ரௌஸ்' என்று ஒரு தெருவே இருக்கிறது. நம்மிடம் அத்தனைக்கும் சொல் இருக்கும். ஆனால் அகராதியில் இருக்காது. இருக்கவேண்டிய இடம் நீ பேருந்து ஓட்டும் டிப்போ.

ஒன்பது கேள்விகளையும் தனித்தாளில் எழுதி இணைத்திருக்கிறேன். மதிப்பெண் போடவேண்டாம். ஒவ்வொரு சந்தர்ப்பத்துக்கும் நீங்கள் வாயில் சொல்லும் சொல் எது என்று மட்டும் எழுது. இதை உதவியாகக் கேட்கவில்லை. மொழிக்குச் செய்யும் கடமையாகக் கேட்கிறேன்.

இப்படிக்கு,
அண்ணன்

*

ஜனவரி 19

அண்ணாவுக்கு வணக்கம்.

நாங்க ரெண்டு பேரும் நல்லா இருக்கோம். உன் முதுகுக்கு வெந்நீர் ஒத்தடம் குடு, மூணுகால் மேசையை மாத்தச் சொல்லு. நான் எழுதுறது பேசுற மாதிரிதான் இருக்கும், திருத்தித் திருப்பி அனுப்பிடாதே.

உறையைப் பிரிக்கவே அரைமணி நேரம் ஆச்சு. வீட்டுக்காரி "பிரிங்க, பாம்பா இருக்கும்?"னா. பிரிச்சுப் படிச்சதும் சிரிச்சோம், அப்புறம் அவ கொஞ்சம் அழுதா. பதினொரு வருஷம் கழிச்சு வந்திருக்கே, அதுவும் தூக்கத்தைக் கேட்டு.

உன் தாளை டிப்போவுக்கு எடுத்துட்டுப் போனேன். எங்க கண்டக்டரை எல்லாரும் ரேடியோன்னு கூப்பிடுவோம். அணைக்கவே முடியாது. அவர்தான் கடைசி சீட்டுல நின்னு சத்தமாப் படிச்சார். "டோஸ்னா என்னப்பா?"ன்னு கேட்டதுக்கு ஒரு டிரைவர், "மேனேஜர் காலையில நமக்கு விடுறாரே, அதான்"னார். அப்புறம் உன் அர்த்தத்தைச் சொன்னேன். அவ்வளவுதான், ஆளாளுக்குக் கத்த ஆரம்பிச்சாங்க.

பேப்பர் படிக்கும்போது வர்றது சொக்கல். எழுத்து ரெண்டு ரெண்டாத் தெரியும். டிவி முன்னாடி வர்றது அசதி. சாப்பிட்டபின்னாடி வர்றது கண் கனப்பு, இமை மேல யாரோ விரல் வச்ச மாதிரி. மீட்டிங்ல வர்றது தூங்கி வழியிறது. அடுத்தவன் ஓட்டுற வண்டியில போனா தலையாட்டம்; அவன் சொல்றதுக்கெல்லாம் ஆமாம் போடுற மாதிரியே இருக்கும். ஆறாவது, சாயங்காலம் சும்மா படுக்கிறது: அது குட்டித்தூக்கம், அதை நாமளா கூப்பிடுறோம். எட்டாவது, யார்கூடவாவது பேசிட்டு இருக்கும்போது: அதுக்குப் பேர் மரியாதை இல்லாமைன்னு ரேடியோ சொல்றார். ஒன்பதாவது, நாற்காலியில காத்திருக்கும்போது: கோழித்தூக்கம். ஒரு சத்தம் கேட்டா போதும், எழுந்து நிப்போம்.

வேற என்ன. உடம்பைப் பாத்துக்கோ. வீட்டுக்காரி விசாரிச்சதாச் சொல்லச் சொன்னா.

தம்பி

*

ஜனவரி 27

தம்பிக்கு,

ஒத்தடம் கொடுத்தேன், பரவாயில்லை. உங்கள் இருவருக்கும் குளிரில் இருமல் ஏதும் இல்லையே?

உன் கடிதத்தை நின்றபடியே படித்தேன். உட்கார மறந்துவிட்டேன்! இருபத்தாறு வருடம் மாணவர்களுக்குச் சொல்லுக்குச் சொல் நிழலர்த்தம் மாறும், நிழலர்த்தம் மாறும் என்று தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன்; ஒருவனும் "நாமளா கூப்பிடுறோம்" என்று சொன்னதில்லை. அதுதான் 'நாப்'புக்கு இலக்கணமே. 'நாப்' நாம் எடுப்பது. 'டோஸ்' நம்மை எடுத்துக்கொண்டு போவது. ஒன்றில் நாம் முதலாளி, மற்றதில் சாமான். என் பழைய துறைத்தலைவர் தன் பெயரைப் போட்டு வெளியிட்ட சொற்கோவையில் (அதன் பக்கங்களில் முக்கால்வாசி யார் எழுதியது என்று உனக்குத் தெரியும்) இரண்டுக்கும் 'சிறுதுயில்' என்று ஒரே சொல்! சிறுதுயிலாம். அந்த ஆள் தூங்கியே பார்த்ததில்லை போலும்.

இப்போது என் தலை சுற்றுவது வேறொன்றில். இவற்றுக்கெல்லாம் எதிர்ச்சொல் என்ன? 'டோஸ்' என்பதன் எதிர்ப்பக்கம் முழு விழிப்பா, ஆழ்ந்த உறக்கமா? மூலத்தில் எதிர்ச்சொற்களுக்கும் ஒரு குறிப்பு கேட்டிருக்கிறார்கள். நடுப்படியில் நிற்கிறவனுக்கு மேலே போவதும் எதிர், கீழே போவதும் எதிர். ஒரு சொல்லுக்கு இரண்டு எதிரிகள்! நேற்று முழுக்க இதைச் சொல்லிக்கொண்டே நிலையத்தில் உலாத்தினேன். முதலாளி, "சார், உங்களுக்கு எதிரி ரெண்டோட நிக்குமா?" என்றார்.

சொக்கல், கனப்பு, தலையாட்டம் எல்லாவற்றையும் ஏணிபோல் அடுக்கிக்கொண்டிருக்கிறேன். பன்னிரண்டு படி வரும் போலிருக்கிறது. ஒன்று கவனித்தேன்: ஏழாவது கேள்வி விட்டுப்போயிருக்கிறது. 'வண்டியை ஓட்டிக்கொண்டு வந்து, சாலையில் சில நிமிடம் நிறுத்தியிருக்கும்போது.' அதற்கும் சொல் எழுது. டிப்போவில் எல்லோருக்கும் என் நன்றி. ரேடியோவுக்குத் தனியாக.

அண்ணன்

*

பிப்ரவரி 12

அண்ணாவுக்கு வணக்கம்.

இருமல் எதுவும் இல்ல. வீட்டுக்காரிக்கு ஒரு பல் ஆடுது, பிடுங்கப் பயப்படுறா. நீ வேளைக்குச் சாப்பிடு.

உன் எதிர்ச்சொல் விஷயத்தை டீக்கடையில வச்சுப் பெரிய பஞ்சாயத்தே ஆயிடுச்சு. பாதிப் பேர் முழிப்புன்னான், பாதிப் பேர் உறக்கம்னான். கடைசியில மெக்கானிக் ஒருத்தர் கையைத் துடைச்சிட்டே வந்தார். "உங்க வேலையில அதுக்கு ஒரே எதிர்ப்பதம்தான்டா. பிரேக்." அவ்வளவுதான், கூட்டம் கலைஞ்சுது.

இன்னும் சில சொல் கிடைச்சுது. கண் செருகுறது. இது சொக்கல் இல்ல. சொக்கும்போது நமக்குத் தெரியும். செருகும்போது தெரியாது, கண் திறந்த மாதிரியே இருக்கும், உள்ள கடையைச் சாத்தியிருப்பாங்க. அப்புறம் அசந்துபோறது. அடுத்தது அடிச்சுப் போட்ட மாதிரி. அதுக்குக் கீழ படி இல்ல, தரைதான்.

ரேடியோவை மார்ச் கடைசியில வேற டிப்போவுக்கு மாத்துறாங்க. ஒன்பது வருஷம் ஒரே வண்டி. வண்டி நிக்கிற இடத்துலெல்லாம் கம்பியில காசை வச்சு டக் டக்னு தட்டுவார். ஜனங்க சில்லறை கேக்குறார்னு நினைச்சுக்கும். அவர் போனா வண்டி அமைதியா இருக்கும். அதை நினைச்சாத்தான் ஒரு மாதிரி இருக்கு.

உன் ஏணிப் படத்தை அனுப்பு. இங்க ஓய்வறையில ஒட்டணும்னு சொல்றாங்க.

தம்பி

*

பிப்ரவரி 20

தம்பிக்கு,

பல்லைப் பிடுங்கச் சொல். ஆடுகிற பல்லும் ஆடுகிற மேசையும் ஒன்று. முட்டுக் கொடுத்துப் பயனில்லை. எனக்கு உடம்பு சரியாகவே இருக்கிறது. சரியாக இல்லாதது மனசு.

'கண் செருகுதல்!' இதைப் படித்ததும் கை தட்டினேன். 'டோஸ்' பிடிபட்டுவிட்டது, வாலோடு பிடிபட்டுவிட்டது. படிவம் முழுக்க இந்தச் சொல்லைத்தான் போடப்போகிறேன். "உள்ள கடையைச் சாத்தியிருப்பாங்க": இதைவிட நல்ல விளக்கம் எந்த ஆங்கில அகராதியிலும் இல்லை. நான் பார்த்துவிட்டேன்.

ஆனால் ஏழாவதை மறுபடியும் தாண்டிவிட்டாய். இரண்டு முறை கேட்டாகிவிட்டது. உனக்குத் தெரியாது போலிருக்கிறது, சொல்கிறேன்: மற்ற எட்டும் தோரணம். படிவமே அந்த ஏழாவதுதான். அதில் இரண்டோ மூன்றோ போடுகிறவரின் கையிலிருந்து அன்றைக்கே ஸ்டியரிங்கை வாங்கிவிடுவார்கள். மருத்துவர் சரி என்று சொல்லும்வரை திருப்பித் தரமாட்டார்கள். அப்படிப்பட்ட கேள்வியை மேசையில் உட்கார்ந்துகொண்டு நான் கற்பனையில் எழுத முடியாது. மார்ச் இருபது கடைசி நாள்.

எப்போதும் இதுதான் உன் வழக்கம். எனக்கு முக்கியமானது எதுவோ அங்கே நீ இருக்கமாட்டாய். அன்றைக்கு நூலகத்தில் என் வாழ்க்கையின் ஒரே பொதுப்பேச்சு. நூற்றிருபது பேர். துறைத்தலைவர் தலைமை. உன்னை நானே கையைப் பிடித்து முதல் வரிசையில் உட்காரவைத்தேன். இருபதாவது நிமிடம் குறட்டை. அந்த ஆள் ஒலிபெருக்கியைத் தன் பக்கம் இழுத்து, "பேச்சாளரின் குடும்பமே தீர்ப்பு சொல்லிவிட்டது" என்றார். கூடம் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. அடுத்த மாதம் என் சொற்கோவையை அவர் எடுத்துக்கொண்டபோது ஒருவரும் எனக்காக வாய் திறக்கவில்லை. சிரித்தவர்கள் எப்படித் திறப்பார்கள்?

இதை எழுத நினைக்கவில்லை. எழுதிவிட்டேன், அடிக்கப்போவதில்லை. ஏழாவதை அனுப்பு.

அண்ணன்

*

மார்ச் 9

அண்ணாவுக்கு.

நலம். நீயும் நலமா இரு.

ஏழாவதுல 'உறங்கிவிடுவீர்களா'ன்னு போடு. செருகுறது, சொக்குறதெல்லாம் அங்க வேணாம். உறங்குறதுன்னு போட்டா எல்லாரும் மனசாட்சியோட பதில் எழுதலாம்.

நான் உன்கிட்ட எதுவும் கேட்டதில்ல. இதைக் கேக்குறேன்.

தம்பி

*

மார்ச் 11

மதிப்பிற்குரிய மாமாவுக்கு,

உங்கள் தம்பி மனைவி எழுதுவது. நீங்கள் சுகம்தானே? பல்லைப் பிடுங்கிவிட்டேன், நீங்கள் சொன்னீர்கள் என்றுதான் போனேன். இந்தக் கடிதம் அவருக்குத் தெரியாது.

அவர் உங்களுக்கு என்ன எழுதினார் என்று தெரியும். தாளில் பேனா அழுந்தின தடம் அடுத்த பக்கத்தில் இருந்தது. அவர் கேட்டதைச் செய்யாதீர்கள் மாமா.

அவருக்கு இது ரொம்ப வருஷமாக இருக்கிறது. சாப்பிட்டுக்கொண்டே கண் செருகிவிடும், கை தட்டில் இருக்கும். படுத்தால் குறட்டை ஏறிக்கொண்டே போய்ச் சட்டென்று மூச்சே நின்றுவிடும். நான் எண்ணுவேன். ஒரு தடவை முப்பத்தெட்டு வரை எண்ணினேன். எழுப்பினால், "நான் தூங்கவே இல்லையே, என்ன இப்ப?" என்பார். டாக்டரிடம் போகலாம் என்றால், "பேர் எழுதிட்டா வேலை போச்சு" என்பார்.

சிக்னலில் வண்டி நின்றால் கண் செருகிப் போய்விடுகிறதாம். ரேடியோ அண்ணன் காசு தட்டுவது அதற்குத்தான். ஒன்பது வருஷமாக அந்த மனுஷர் வாய் ஓயாமல் பேசுவதும் அதற்குத்தான். அவரே வீட்டுக்கு வந்து என்னிடம் சொல்லிவிட்டார். "நான் போனப்புறம் யார்மா தட்டுவா?" என்று கேட்டுவிட்டு, டீயைக்கூடக் குடிக்காமல் போனார்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், மனசில் வைத்து வைத்துப் பாரமாகிவிட்டது. அன்றைக்கு நூலகத்துக்குக் கிளம்பும்போது அவர் என்னிடம் ஒரு ஊக்கு கேட்டார். சட்டைப் பொத்தான் போய்விட்டதாக்கும் என்று கொடுத்தேன். வீட்டுக்கு வந்து துணி துவைக்கும்போது பார்த்தேன். பேன்ட் தொடைப்பக்கம் பூராவும் ரத்தப் புள்ளி. உங்கள் பேச்சு முழுக்கக் கேட்கவேண்டும் என்று குத்திக்கொண்டே இருந்திருக்கிறார். இருபது நிமிஷம் தாக்குப்பிடித்திருக்கிறார்.

அவர் பொய் எழுதமாட்டார் மாமா. கேள்வி சரியாக இருந்தால் பதிலும் சரியாக இருக்கும். கேள்வியில் ஓட்டை இருந்தால் அதில் புகுந்து வெளியே வந்துவிடுவார். வண்டியில் ஐம்பது பேர் இருப்பார்கள்.

உங்கள் உடம்பைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

*

மார்ச் 19

தம்பிக்கு,

நான் நலம். நீ நலமா என்று இந்த முறை வழக்கத்துக்காகக் கேட்கவில்லை.

படிவத்தை இன்று பதினோரு மணிக்குக் கொடுத்துவிட்டேன். ஏழாவது கேள்வி இப்படிப் போயிருக்கிறது: 'சிக்னலிலோ நிறுத்தத்திலோ வண்டியை நிறுத்தியிருக்கும்போது, நீங்கள் நினைக்காமலே கண் செருகி, பின்னால் ஹாரனோ பக்கத்தில் யாராவது தட்டும் சத்தமோ கேட்டபின் விழித்ததுண்டா?'

உன் பிப்ரவரிக் கடிதத்தை மறுபடி படித்தேன். நிற்கிற இடத்திலெல்லாம் காசு தட்டுகிற கண்டக்டர் உலகத்தில் இல்லை. நான் மந்தமானவன்தான், ஒரு மாதம் பிடித்தது. ஆனால் பிடிபட்டுவிட்டது.

முதலாளி சண்டைக்கு வந்தார். "மூலத்துல ஹாரன் எங்க சார் இருக்கு?"

"சாலையில இருக்கு."

"தட்டுற சத்தம்?"

"அதுவும் வண்டியிலதான் இருக்கு. மூலத்தை எழுதினவன் பஸ்ல போனதில்லை."

"போக்குவரத்து ஆபீஸ்ல திருப்பி அனுப்பிட்டா?"

"அனுப்பினா நானே போய்ப் பேசுறேன். அப்பவும் ஆகலைன்னா வேலையை விட்டுடறேன், உங்களுக்கு இந்த மூணுகால் மேசையும் மிச்சம்."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு கையெழுத்துப் போட்டார். நான் போட்ட சத்தத்தைக் கோபம் என்று நினைத்துக்கொண்டிருப்பார்.

நீ என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாய், அதை நான் செய்யவில்லை. 'உறங்குவீர்களா' என்று போட்டிருந்தால் நீ பூஜ்யம் போட்டிருப்பாய்; அது பொய்யாகவும் இருந்திருக்காது. அதற்காகத்தான் போடவில்லை. அந்தச் சொல்லை எனக்குக் கொடுத்தவனே நீதான். உன் சொல்லைக் கொண்டு உன்னையே மடக்கிவிட்டேன் என்று நினைப்பாய். நினைத்துக்கொள். என்னை வெறுப்பதில் தவறில்லை; எனக்கு அந்தக் கலை தெரியும், பதினொரு வருடப் பயிற்சி இருக்கிறது. அதை ஆள் தெரியாமல் செலவழித்திருக்கிறேன் என்பதுதான் இப்போது தாங்கவில்லை.

பத்திரமாக ஓட்டு. படிவம் வரும்வரை ரேடியோவை விடாதே.

அண்ணன்

*

ஏப்ரல் 14

அண்ணாவுக்கு.

படிவம் வந்தது. மூணு போட்டேன்.

சாவியை மேனேஜர் மேசையில வச்சுட்டு வந்துட்டேன்.

தம்பி

*

மே 5

தம்பிக்கு,

நான் நலமில்லை. உன் இரண்டு வரி வந்ததிலிருந்து முதுகு, கழுத்து, எல்லாம் ஒன்றுசேர்ந்துவிட்டன. நீ எப்படி இருக்கிறாய்? மருத்துவர் என்ன சொன்னார்? என்ன சோதனை? உன் மனைவி எப்படி இருக்கிறாள்? ஒரே கடிதத்தில் இத்தனை கேள்விக்குறி போட்டு எனக்குப் பழக்கமில்லை.

ஒரு செய்தி. போக்குவரத்து அலுவலகம் படிவத்தைத் திருப்பி அனுப்பவில்லை. ஏழாவது கேள்விக்கு உன் டிப்போவில் மட்டும் நாலு பேர் மூன்று போட்டிருக்கிறார்களாம். நீ தனி ஆள் இல்லை. உங்கள் மேனேஜர் நிலையத்துக்குத் தொலைபேசி செய்து, படிவம் எழுதியவரே நேரில் வந்து அரைத்தூக்கத்தைப் பற்றி ஓட்டுநர்களுக்கு ஒரு சொற்பொழிவு ஆற்றவேண்டும் என்று கேட்டிருக்கிறார். ஜூலை மாதம். முதலாளி எனக்குக் கைகொடுத்தார்! மேசைக்கு நாலாவது காலும் போட்டுவிட்டார்.

பதினொரு வருடத்துக்குப் பிறகு ஒரு பேச்சு. பன்னிரண்டு படி ஏணியையும் விளக்கப்போகிறேன். குறிப்பு நாற்பத்தோரு பக்கம் வந்திருக்கிறது, இன்னும் ஆறாவது படியில்தான் நிற்கிறேன்.

நீ வரவேண்டும் என்று சொல்லமாட்டேன். பின்வரிசையிலும் நாற்காலிகள் இருக்கும் என்று மட்டும் சொல்கிறேன்.

அண்ணன்

*

ஜூலை 24

அண்ணாவுக்கு வணக்கம்.

பஸ்ல ஊர் போய்ச் சேர்ந்த அலுப்பெல்லாம் தீர்ந்துச்சா? முதுகு எப்படி இருக்கு? நான் ரொம்ப நல்லா இருக்கேன். இவ்வளவு நல்லா இருந்து எனக்கே பழக்கம் இல்ல.

உன் மே மாசக் கடிதத்துக்குப் பதில் போடல. கோபம். என் சொல்லையே எடுத்து என் கழுத்துல போட்டியேன்னு ரெண்டு மாசம் கறுவிட்டு இருந்தேன். நம்ம குடும்பத்துக்கே உள்ள வியாதி போல.

இன்னொரு வியாதிக்குப் பேர் கண்டுபிடிச்சுட்டாங்க. படுத்தா எனக்குத் தொண்டை அடைச்சுக்குதாம். ஒரு மணி நேரத்துல நாற்பத்தி மூணு தடவை மூச்சு நிக்குதாம். டாக்டர் தாளைப் பார்த்துட்டு, "நீங்க உங்க வாழ்க்கையில முழுசாத் தூங்கினதே இல்லைங்க"ன்னார். நான் தூங்குமூஞ்சின்னு பேர் வாங்கினவன்! மூக்குல மாட்டிக்க ஒரு மெஷின் குடுத்திருக்காங்க, காத்து ஊதும். முதல் தடவை மாட்டிப் படுத்து எழுந்தப்ப, ஜன்னல் கண்ணாடியைத் துடைச்சு விட்ட மாதிரி இருந்துச்சு. உன் ஏணியில மேல் படியும் கீழ் படியும் எனக்கு ஒண்ணாக் கிடைச்சுது. கீழ போய்ப் பார்த்தவனுக்குத்தான் மேல வர முடியுமோ என்னவோ. இதையும் குறிச்சுக்கோ. மூணு மாசமா நேரக்காப்பாளர் அறையில வண்டி வர்றது போறது எழுதிட்டு இருந்தேன். வர்ற திங்கக்கிழமை மறுபடி டெஸ்ட். பாஸானா ஸ்டியரிங்.

வீட்டுக்காரி உனக்கு எழுதினது எனக்கு இப்பத் தெரியும். அவளே சொல்லிட்டா. ஊக்கு விஷயத்தை எழுதியிருக்க வேண்டாம்.

சரி, உன் பேச்சுக்கு வர்றேன். மத்தியானம் ரெண்டு மணி, சாப்பாடு முடிஞ்ச நேரம், ஓய்வறையில மின்விசிறி மெதுவா ஓடுது. எந்த மடையன் அந்த நேரத்தை வச்சானோ. நீ உள்ள வந்தே, என்னைப் பார்த்தே. பேசல. நான் போட்ட டீயைக் குடிச்சுட்டு ரேடியோகிட்ட, "டீ நல்லா இருந்ததுன்னு அவர்கிட்ட சொல்லுங்க"ன்னே. நான், "சர்க்கரை கம்மியாப் போட்டிருக்கேன்னு அவர்கிட்ட சொல்லுங்க"ன்னேன். உன் பேச்சுக்காக அடுத்த டிப்போவுல லீவு போட்டுட்டு வந்த மனுஷன், ரெண்டு பக்கமும் டிக்கெட் கிழிச்சுக் குடுக்குற மாதிரி குடுத்துட்டு இருந்தார்.

நீ பின்வரிசைன்னு எழுதியிருந்தே. நான் முதல் வரிசையிலதான் உட்கார்ந்தேன். நடு நாற்காலி. பாக்கெட்ல ஊக்கு இல்ல.

முதல் படி நல்லா இருந்துச்சு. ரெண்டாவது படியில மெக்கானிக் சொக்கினார். நாலாவது படியில பின்னாடி ரெண்டு வரிசை தலையாட்டம். நீ அவங்க ஒத்துக்குறாங்கன்னு நினைச்சுக்கிட்டு இன்னும் ஆழமாப் போனே. ஆறாவது படியில மேனேஜருக்குக் கண் செருகிடுச்சு. ரேடியோ, ஒன்பது வருஷம் என்னை முழிக்க வச்ச ரேடியோ, சுவத்துல சாஞ்சு அசந்துபோயிட்டார். நான்தான் எழுந்து போய் ஜன்னல் கம்பியில காசை வச்சு டக் டக்னு தட்டினேன். ஒரு வினாடி கண்ணைத் திறந்து, "போலாம் ரைட்"னு சொல்லிட்டு மறுபடி போயிட்டார்.

ஒரு மணி நேரம் நாற்பத்தஞ்சு நிமிஷம். முப்பத்தி ரெண்டு பேர். கடைசி வரைக்கும் முழிச்சிருந்தது நான் ஒருத்தன்தான். ஒரு சொல் விடாமக் கேட்டேன் அண்ணா. அன்னைக்கு நூலகத்துல விட்டதையும் சேர்த்துக் கேட்ட மாதிரி இருந்துச்சு. எனக்கு மனசு நிறைஞ்சுபோச்சு.

முழுசாக் கேட்டவன்ங்கிற உரிமையில ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதே. அன்னைக்கு நான் தூங்கினதுக்கு என் வியாதி பாதிதான் காரணம்.

தம்பி

*

ஜூலை 31

தம்பிக்கு,

நான் நலம். திங்கட்கிழமைச் சோதனை முடிவு உன் மனைவியிடமிருந்து தந்தியைப் போல் ஓர் அஞ்சலட்டையில் வந்தது: 'பாஸ். நாளை முதல் ஸ்டியரிங்.' அட்டையை மேசையில் நிறுத்திவைத்திருக்கிறேன். மேசை இப்போது ஆடுவதில்லை, அட்டை விழவில்லை.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு ஒரு மணி நேரம் கோபமாக இருந்தேன். என்னால் அதற்குமேல் முடியவில்லை. பிறகு சிரிக்க ஆரம்பித்தேன். முதலாளி ஓடி வந்து, "என்ன சார், உடம்புக்கு முடியலையா?" என்று கேட்டார். நாலு வருடத்தில் அவர் அந்தச் சத்தத்தைக் கேட்டதில்லை.

முப்பத்தொரு பேர் தூங்கியதைப் பேசும்போதே பார்த்தேன். நிறுத்தியிருக்கலாம். முதல் வரிசையில் இரண்டு கண் திறந்திருந்தது. அதனால் பன்னிரண்டாவது படி வரைக்கும் போனேன்.

வரும் ஞாயிற்றுக்கிழமை காலை வண்டியில் வருகிறேன். நீ ஓட்டும் வண்டி எது, எத்தனை மணிக்கு என்று ரேடியோவிடம் கேட்டு வைத்துக்கொண்டேன். டிரைவருக்குப் பின்னால் முதல் இருக்கை. சில்லறையோடு வருகிறேன், தட்ட அவசியம் இருக்காது, பழக்கத்துக்காக.

இனி உனக்கு எழுதமாட்டேன். நன்றாகக் கவனி: எழுதமாட்டேன் என்றுதான் சொல்கிறேன்.

அண்ணன்